சிங்கவேள்குன்றத்து வாகை நெற்று

திவ்யதேச யாத்திரை செய்யும் அன்பர்கள் பலருடைய வீட்டில் ஒரு சிறிய நோட்டுப் புத்தகம் இருக்கும். சேவித்த தலத்தின் பெயரும் தேதியும் அதில் வரிசையாகக் குறிக்கப்பட்டிருக்கும். சோழநாட்டுத் திருப்பதிகள் நாற்பதும் நிரம்பியிருக்கும். தொண்டைநாடும் பாண்டிநாடும் மலைநாடும் ஏறத்தாழ முடிந்திருக்கும். வடநாட்டுத் தலங்களுக்கு நேரேதான் வெற்றிடங்கள் தென்படும். பத்ரிகாசிரமமும் சாளக்கிராமமும் தொலைவின் காரணமாக நின்றுபோனவை. ஆனால், சென்னையிலிருந்து ஓர் இரவுப் பயணத்தில் அடைந்துவிடக்கூடிய சிங்கவேள்குன்றமும், அதாவது அகோபிலமும், பல புத்தகங்களில் வெற்றிடமாகவே நிற்கிறது. அதற்குக் காரணம் தொலைவு அன்று, முழங்கால்.

மலை ஏற வேண்டும், ஆற்றுப் பாறைகளின் மேல் நடக்க வேண்டும், காட்டுக்குள் போக வேண்டும் என்று கேள்விப்பட்டவுடனே, "அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம்" என்று பெரியவர்கள் சொல்லிவிடுகிறார்கள். அடுத்த வருஷம் முழங்காலுக்கும் ஒரு வயது கூடிவிடுகிறது.

அகோபிலம் ஆந்திர மாநிலம் நந்தியால் மாவட்டத்தில், அள்ளகட்டா என்னும் ஊருக்கு அருகே, நல்லமலைத் தொடரின் மடியில் உள்ளது. பெயரைப் பார்த்துத் தமிழர்கள் இதனை 'நல்ல மலை' என்றே பொருள் கொள்வர். தெலுங்கில் 'நல்ல' என்றால் கருமை. கருமலை என்பதே அவ்வூர் மக்கள் கொள்ளும் பொருள். இரண்டு பொருளும் இந்த மலைக்குப் பொருந்துகின்றன. கிருஷ்ணா நதிக்கும் பென்னை நதிக்கும் இடையே நீண்டு கிடக்கும் இம்மலைத் தொடரை ஆதிசேஷனாகவே பெரியோர் கண்டார்கள். திருமலை அவனது படம், அகோபிலம் நடு உடல், ஸ்ரீசைலம் வால்.

கீழ் அகோபிலத்தில் பிரகலாத வரதர் எழுந்தருளியிருக்கிறார். விஜயநகர காலத்து மண்டபங்களும், கிருஷ்ணதேவராயர் நாட்டிய வெற்றித் தூணும் அங்கே உள்ளன. அதுவரை எல்லாம் பழகிய கோயில் போலத்தான் இருக்கும். அங்கிருந்து சுமார் 8 கிலோமீட்டர் சென்றால் மேல் அகோபிலம். குகை போன்ற கருவறையில், இரணியனைத் தம் மடிமேல் கிடத்திய உக்கிரத் திருக்கோலத்தில் அகோபில நரசிம்மர் சுயம்புவாக அருள்பாலிக்கிறார். சாலை இங்கே முடிகிறது. இந்த இரு கோயில்களைச் சுற்றி ஆற்றோரத்திலும் மரத்தடியிலும் பாறை இடுக்கிலுமாக ஜ்வாலா, மாலோல, குரோட, காரஞ்ச, பார்கவ, யோகானந்த, சத்ரவட, பாவன நரசிம்மர்கள் விளங்குகிறார்கள். அகோபில நரசிம்மரையும் சேர்த்து ஒன்பது.

ஒன்பது சந்நிதிகளையும் ஒன்றரை நாளில் முடித்துத் தருவதாகச் சுற்றுலா வண்டிக்காரர்கள் சொல்கிறார்கள். முடித்தும் தருகிறார்கள். இறங்கு, ஓடு, தீபாராதனை, ஏறு. அப்படிச் சென்று வந்தவர்களிடம் அங்கே என்ன மரம் இருந்தது, ஆற்றில் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடியது என்று கேட்டால் விழிப்பார்கள்.

திருமங்கையாழ்வார் அப்படிச் சேவிக்கவில்லை. பெரிய திருமொழியில் இத்தலத்துக்கென்று அவர் அருளிய பத்துப் பாசுரங்களைக் கவனித்தால் ஒன்று தெளிவாகும். கோயிலின் மதிலையோ மாடத்தையோ அவர் பேசவில்லை. பெருமானின் சீற்றத்தைப் பேசுகிறார். அதனையடுத்துக் காட்டைத்தான் பேசுகிறார். உச்சிப்போதின் வெப்பம், சுழன்றடிக்கும் காற்று, நாயும் கழுகும் திரியும் வழி, வேடர்களின் ஆரவாரம். யானையின் தந்தத்தைக் கொணர்ந்து பெருமான் திருவடியில் வைத்து வணங்கும் சிங்கங்கள். காய்ந்த வாகை நெற்றுகள் கலகலக்க, மூங்கில்கள் ஒன்றோடொன்று உரசி எழுப்பிய தீயால் வானம் சிவக்கும் காட்சி. தேவர்களுக்கல்லாமல் மற்றவர்க்குச் செல்ல இயலாத இடம் என்றும் அவரே சொல்லிவிடுகிறார். சீர்காழியைச் சுற்றிய வயல்களில் வளர்ந்த ஒருவர் இந்த வறண்ட காட்டை அணு அணுவாகப் பார்த்திருக்கிறார் என்பதே வியப்பு. அந்தக் காடு இன்றும் பெரும்பகுதி அப்படியே நிற்கிறது. ஆழ்வார் கண்ட திருக்கோலத்தில் ஒரு பாதி பெருமான் என்றால் மறுபாதி இந்தக் காடு.

பவநாசினியின் மலையிடுக்கு

மேல் அகோபிலத்துக் கோயிலின் பின்புறம் இறங்கினால் பவநாசினி ஆறு. பவம் என்னும் பிறவித் தளையை அறுப்பவள் என்பது பெயரின் பொருள். ஒருபுறம் கருடாத்ரி, மறுபுறம் வேதாத்ரி; இரண்டு மலைகளுக்கும் இடையே ஆறு தன் வழியைத் தானே வெட்டிக்கொண்டு இறங்குகிறது. இருபுறமும் செங்குத்தான பாறைச் சுவர்கள், அடுக்கடுக்காகச் செங்கல் சுவர் வைத்தாற்போல் எழும்பி நிற்கின்றன. காலை வெயில் பட்டால் காவி நிறம், மாலையில் கருஞ்சிவப்பு. நம் வீட்டுச் சமையலறை மேடைகளில் பதித்திருக்கும் கடப்பைக் கல் இதே வட்டாரத்தின் பழம்பாறை வகைகளைச் சேர்ந்தது. இங்கே மலையாக நிற்பது அதனினும் கடினமான பாறை. நூறு கோடி ஆண்டுகளுக்கும் முன்னே நீரடியில் மணலாகப் படிந்து, இறுகி, உயர்ந்தது. அதனை இந்தச் சிறிய ஆறு விரிசல் விரிசலாகப் பிளந்திருக்கிறது. தூணைப் பிளந்து தோன்றியவன் இடம் என்று இதனை முன்னோர் தெரிந்துகொண்டதில் ஆச்சரியம் இல்லை. மலையுச்சியில் பிளவுபட்டு நிற்கும் பெரும்பாறையைத்தான் உக்கிர ஸ்தம்பம் என்கிறார்கள்.

காடு இலையுதிர்க் காடு. தேக்கு, வேங்கை, மருது, மூங்கில் ஆகியவற்றோடு, கிழக்கு மலைத்தொடரின் இந்தத் தென்பகுதியில் மட்டுமே இயல்பாக வளரும் செம்மரமும் உண்டு. வடக்கே செல்லச் செல்ல இதே காடு நாகார்ஜுனசாகர்–ஸ்ரீசைலம் புலிகள் காப்பகமாக விரிகிறது. சிறுத்தையும் கரடியும் வாழும் இடம் என்பதால் தனியாகவோ பொழுது சாய்ந்த பின்போ இங்கே நடக்கலாகாது.

சென்ற தை மாதக் கடைசியில் சென்னைப் புறநகரிலிருந்து ஒரு குடும்பம் இங்கே வந்தது. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், வயது 78. அவருடைய மனைவிக்கு 73. மகன், மருமகள், கல்லூரியில் படிக்கும் பேரன். பேரனுக்கு மலையேற்றத்தில் ஆர்வம். காட்டையும் அருவியையும் பார்க்கத்தான் புறப்பட்டான். தாத்தாவுக்கோ நோட்டுப் புத்தகம். இளமையிலிருந்தே நாலாயிரத்தையும் சேவித்து வருபவர் அவர். சிங்கவேள்குன்றப் பதிகத்தை நாள்தோறும் சொல்லியும் அந்த இடத்தைப் பார்த்ததில்லை என்ற குறை நாற்பது ஆண்டுகளாக அவர் மனத்தில் இருந்தது. வலது முழங்காலில் அறுவை சிகிச்சை செய்திருந்ததால் மருத்துவர் ஏறுவதற்கு அனுமதி தரவில்லை.

முதல் நாள் யோகானந்தரையும் சத்ரவடரையும் சேவித்தாயிற்று. இரண்டும் கீழ் அகோபிலத்துக்கு அருகிலேயே வண்டி போகும் இடங்கள். முள்மரங்கள் சூழ்ந்த ஆலமரத்தடியில் குடை நிழலில் இருப்பதுபோல் வீற்றிருக்கும் சத்ரவட நரசிம்மரின் திருமேனி அழகு தனியானது. கந்தர்வர் இருவர் பாட, பெருமான் இடக்கரத்தால் தாளம் போட்டு ரசிக்கும் பாவனை. உக்கிரமூர்த்தி பாட்டுக் கேட்கும் தலம் வேறெங்கு உண்டு? மேலே செல்லும் சாலையோரத்தில் புங்க மரத்தடியில் வில்லேந்திய காரஞ்ச நரசிம்மரையும் சேவித்தார்கள். இரண்டாம் நாள் விடியலில் மேல் அகோபிலம். அங்கிருந்து ஜ்வாலா நரசிம்மரின் சந்நிதிக்குச் சுமார் 4 கிலோமீட்டர். இரணிய வதம் நிகழ்ந்த இடமாகப் போற்றப்படுவது அதுவே.

பாதையின் தொடக்கத்தில் டோலி சுமப்பவர்கள் காத்திருந்தார்கள். மூங்கில் கழிகளில் இருக்கையைக் கட்டி நால்வர் தோளில் தூக்கிச் செல்வார்கள். பெரியவர் உறுதியாக மறுத்துவிட்டார்.

"இன்னொருத்தர் தோள்மேல ஏறிப் போய் நான் பெருமாளைச் சேவிக்க மாட்டேன். திருமங்கையாழ்வார் என்ன டோலியிலயா போனார்?"

"ஆழ்வாருக்கு ஆடல்மான்னு ஒரு குதிரை இருந்தது. உங்களுக்கு இந்தக் கைத்தடிதான் இருக்கு" என்றார் அம்மாள்.

டோலிக்காரர்களில் மூத்தவருக்குத் தமிழ் தெரிந்திருந்தது. ஆண்டு முழுவதும் தமிழ்நாட்டுப் பக்தர்களைச் சுமப்பவர் ஆயிற்றே. அவர் பணிவாகச் சொன்னார்: "ஐயா, சுவாமியே இப்போ பல்லக்குல ஊர் ஊரா போயிட்டு இருக்காரு. தூக்குறவங்களுக்கு அதுல ஏதாவது குறைச்சலா? எங்களுக்கும் இதுதான் சாப்பாடு."

பெரியவர் பதில் சொல்லவில்லை. கைத்தடியை ஊன்றிக்கொண்டு நடக்கத் தொடங்கினார். டோலிக்காரர்கள் சற்றுப் பின்தங்கி அவரைத் தொடர்ந்தே வந்தார்கள். அனுபவசாலிகள்.

ஊர் ஊராகச் செல்லும் பெருமான்

டோலிக்காரர் சொன்ன பல்லக்குச் செய்தியைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். தமிழ்நாட்டுக் கோயில்களில் பாரிவேட்டை என்று வழங்கும் உற்சவம் பெரும்பாலும் ஒரு நாளில் முடிந்துவிடும். அகோபிலத்தில் அது நாற்பது நாட்களுக்கு மேல் நடக்கிறது. சங்கராந்திக்கு மறுநாள், தெலுங்கர் கனுமா என்றும் நாம் மாட்டுப் பொங்கல் என்றும் கொண்டாடும் நாளில், பல்லக்கு மலையை விட்டுக் கிளம்பும். மேல் அகோபிலத்து உற்சவரான ஜ்வாலா நரசிம்மரும் கீழ் அகோபிலத்துப் பிரகலாத வரதரும் ஒரே பல்லக்கில் எழுந்தருளுவர். சுற்றியுள்ள முப்பதுக்கும் மேற்பட்ட சிற்றூர்களுக்குச் சென்று, நடக்கவிருக்கும் தம் திருக்கல்யாணத்துக்கு மக்களைத் தாமே அழைத்துவிட்டுத் திரும்புவதாக ஐதிகம். வீட்டுக்குப் பெரியவர் இல்லாத கல்யாணத்தில் மாப்பிள்ளையே பத்திரிகை கொடுப்பதுபோல்.

மணப்பெண் செஞ்சுலட்சுமி. நல்லமலையின் பழங்குடிகளான செஞ்சு மக்களின் குலத்தில் மகாலட்சுமியே பெண்ணாகத் தோன்றி நரசிம்மரை மணந்தாள் என்பது தல வழக்கு. தேனும் கிழங்கும் தேடிக் காட்டில் வாழ்ந்த அம்மக்களுக்கு அவர் தெய்வம் மட்டும் அல்லர். வீட்டு மாப்பிள்ளையும் ஆவார். உற்சவத்தில் வில்லும் அம்பும் ஏந்தி அவர்கள் பல்லக்கின் முன் நிற்கும் உரிமை அதனால் வந்தது. மேல் அகோபிலத்தில் குகைக்குள் செஞ்சுலட்சுமிக்குச் சந்நிதி இருக்கிறது. காட்டின் உட்பகுதியில் உள்ள பாவன நரசிம்மரோடும் அவளே வீற்றிருக்கிறாள்.

இறங்கி வருவது இப்பெருமானுக்குப் பழக்கமே. 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் அகோபில மடத்தை நிறுவிய முதலாம் ஜீயர், எந்த உற்சவரைத் தம்முடன் எழுந்தருளப்பண்ணுவது என்று வேண்டி நின்றபோது மாலோலன் தாமே அவர் கைக்கு வந்து சேர்ந்தான் என்று குருபரம்பரை கூறுகிறது. மலைமேல் உள்ள மாலோலன் சந்நிதிக்கு ஏற முடியாதவர்களும், மடத்து ஜீயர் தம் ஊருக்கு விஜயம் செய்யும்போது அந்த மாலோலனைச் சேவித்துவிடுகிறார்கள். திருவரங்கத்தில் 1987இல் நிறைவுற்ற 236 அடி உயர ராஜகோபுரத்தை எழுப்பியவரும் இம்மடத்தின் 44ஆம் பட்டத்து ஜீயரே. ஆனால் ஜ்வாலா நரசிம்மருக்கோ கோபுரமே கிடையாது. தலைக்கு மேலே மலையின் விளிம்பு, அவ்வளவே.

பாறைமேல் மூன்று மணி நேரம்

மேல் அகோபிலத்திலிருந்து ஒரு கிலோமீட்டரில் குரோட நரசிம்மர். வேதாத்ரிப் பாறையின் அடியில், வராகத் திருமுகத்தோடு பூமிதேவியை ஏந்திய கோலம். அந்த ஒரு கிலோமீட்டரைக் கடக்கப் பெரியவருக்கு ஐம்பது நிமிடம் ஆயிற்று. பாதையில் படிகள் உண்டு. படி இல்லாத இடத்தில் ஆற்றுக் கற்கள். மழைக்காலத்தில் அக்கற்களின் மேல் வெள்ளம் ஓடும். தையில் நீர் குறைந்து, தெளிந்து, கற்களின் இடையே நழுவிக்கொண்டிருக்கும். சேவித்துவிட்டு வெளியே வந்தபோது அவருடைய வலது கால் நடுங்கியது. பேரன் அவரைக் கைத்தாங்கலாக ஒரு தட்டைப் பாறையில் உட்கார வைத்தான்.

"தாத்தா, இதுக்கு மேல வேண்டாம்."

அவர் மேலே செல்லும் பாதையைப் பார்த்தார். பெரும் பாறைகளுக்கு இடையே அது வளைந்து ஏறியது. நாற்பது ஆண்டுக் காத்திருப்பு இன்னும் மூன்று கிலோமீட்டரில் நின்றது. டோலிக்காரர்கள் பத்தடி தள்ளி, எங்கோ பார்த்தபடி நின்றார்கள். அவர் நினைத்திருந்தால் ஒரு சொல் சொல்லியிருக்கலாம். காலை சொன்ன வார்த்தையை மாலைக்குள் மாற்றிப் பழகாதவர். அதுவும் ஒருவகை பிடிவாதமே அன்றி ஆசாரம் அன்று என்று அவருடைய மகனே பிறகு சொன்னார்.

அம்மாள் எழுந்து புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டார். "நீங்க இங்கயே இருங்கோ. நான் போய்ச் சேவிச்சுட்டு வரேன்" என்று சொல்லிவிட்டு டோலியில் ஏறி அமர்ந்தார். யாருமே எதிர்பார்க்கவில்லை. ஐம்பது ஆண்டு இல்லறத்தில் கணவருக்கு முன்பாக அவர் எந்தச் சந்நிதிக்குள்ளும் நுழைந்ததில்லை. மகனும் பேரனும் உடன் சென்றார்கள். மருமகள் மாமனாருக்குத் துணையாக இருந்தார்.

முதல் அரைமணி நேரம் பெரியவர் பேசவில்லை. மருமகள் கொடுத்த வெந்நீரையும் வாங்கவில்லை. குரங்கு ஒன்று வந்து பையை ஆராய்ந்துவிட்டுப் போயிற்று. பிறகு கல்லூரி மாணவர்கள் ஏழெட்டுப் பேர் தெலுங்கில் சிரித்துப் பேசிக்கொண்டு வந்தார்கள். ஒருவன் கைபேசியில் திரைப்பாட்டு ஓங்கி ஒலித்தது. அரைக்கால்சட்டை, முதுகுப் பை. பெரியவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவரைப் பார்த்ததும் பாட்டு நின்றது. ஒருவன் அருகே வந்து தண்ணீர் வேண்டுமா என்று ஆங்கிலத்தில் கேட்டான். இரண்டு ஆரஞ்சுப் பழங்களை வைத்துவிட்டுப் போனான். அவர்களில் கடைசியாக நடந்த பையன் ஒரு சாக்கில் வழியில் கிடந்த பிளாஸ்டிக் புட்டிகளைப் பொறுக்கிப் போட்டுக்கொண்டே சென்றான். அந்தப் புட்டிகளை எறிந்தவர்கள் யாத்திரிகர்களே. நெற்றியில் திருமண் இட்டுக்கொண்டு வந்தவர்களும் அதில் அடக்கம் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். கர்ப்பக்கிருகத்தில் வெற்றுப் புட்டியை யாராவது உருட்டிவிடுவார்களா?

மாணவர்கள் போனபின் அமைதி. ஆற்றின் ஒலி மட்டும். பெரியவர் மெல்லப் பதிகத்தைச் சொல்லத் தொடங்கினார். பத்தும் முடிந்தபோது காற்று எழுந்தது. எதிர்க்கரையில் இலை உதிர்ந்து நின்ற மரம் ஒன்று கலகலவென்று ஒலித்தது. நிறுத்தி, மறுபடி ஒலித்தது. சலங்கை கட்டிய குழந்தை ஓடிவந்து நிற்பதுபோல்.

"அது என்ன சத்தம்மா?" என்று கேட்டார்.

மருமகள் கிராமத்தில் வளர்ந்தவர். "வாகை மரம் மாமா. நெத்து காஞ்சிருக்கு. உள்ள இருக்கற விதை குலுங்கறது."

பெரியவர் திகைத்துப்போனார். அறுபது ஆண்டுகளாக அந்த வாகையை நாள்தோறும் வாயால் சொல்லி வந்தவர் அவர். கவியின் அலங்காரம் என்றே எண்ணியிருந்தார். சென்னைத் தெருக்களிலும் வாகை மரங்கள் உண்டு. பேருந்து ஓசையில் யார் காதில் விழும்? மேற்கொண்டு இரண்டரை மணி நேரம் அந்தப் பாறையை விட்டு அவர் அசையவில்லை. காற்று வரும்போதெல்லாம் கையைக் காதோரம் குவித்துக்கொண்டார். பாறைச் சுவரில் வெயில் இறங்குவதையும், நிழல் விலகிய இடத்தில் காவி நிறம் ஏறுவதையும் பார்த்துக்கொண்டிருந்தார். எதிர்ச் சரிவில் மூங்கில் புதர்கள் ஒன்றோடொன்று உரசிக் கிறீச்சிட்டன. அதையும் மருமகளுக்குக் காட்டி, அந்தப் பாசுரத்தின் பொருளைச் சொன்னார். வெந்நீரைத் தாமே கேட்டு வாங்கிக் குடித்தார்.

நண்பகலுக்குச் சற்று முன் டோலி திரும்பியது. அம்மாளின் புடவை தோள்வரை நனைந்திருந்தது. ஜ்வாலா சந்நிதியை நெருங்கும்போது மேலிருந்து விழும் அருவியைக் கடந்தே போக வேண்டும். தை மாதத்தில் அது திரை போலன்றிச் சாரலாகத்தான் விழும். அருகிலேயே ரத்தகுண்டம். இரணியனை வதம் செய்தபின் பெருமான் திருக்கரங்களைக் கழுவிய இடம் என்பர். அம்மாள் ஒரு சிறு செம்பில் அருவித் தீர்த்தம் கொண்டுவந்திருந்தார். டோலிக்காரர்கள் எந்த இடத்திலும் ஒரு குலுக்கல் இல்லாமல் கொண்டுபோனதையே முதலில் சொன்னார்.

"நன்னா சேவை ஆச்சா?" என்று கேட்டார் பெரியவர்.

"கண் கொள்ளலை. இரணியனை மடியில போட்டுண்டு… எனக்கு நடுங்கிப் போச்சு. நீங்க இங்க தனியா என்ன பண்ணிண்டிருந்தேள்?"

"வாகை நெற்று கலகலக்கறதைக் கேட்டுண்டிருந்தேன்."

அம்மாள் சற்று யோசித்தார். "மேலேயும் அந்த மரம் இருந்திருக்கும். அருவிச் சத்தத்துல ஒண்ணும் காதில விழலை."

செல்ல விரும்புவோருக்கு

ஐப்பசி முதல் மாசி வரையான மாதங்களே முதியவர்களுக்கு ஏற்றவை. கோடையில் பாறைகள் அனல் கக்கும். மழையில் ஆறு திடீரென்று பெருகும், பாறை வழுக்கும். சென்னை–மும்பை ரயில் பாதையில் கடப்பாவில் இறங்கி, அள்ளகட்டா வழியாகச் சாலையில் செல்லலாம். கீழ் அகோபிலத்தில் மடத்தின் தங்குமிடமும் மாநிலச் சுற்றுலாத் துறையின் விடுதியும் உள்ளன. பாவன நரசிம்மருக்குக் காட்டு வழியில் ஜீப்பில் செல்லலாம். முதுகுவலி உள்ளவர்கள் இருமுறை யோசிப்பது நலம். மேல் அகோபிலத்தில் காலையிலேயே நடையைத் தொடங்கி, வெயில் ஏறுமுன் திரும்பிவிட வேண்டும். கைத்தடி, பிடிமானமுள்ள காலணி, மாத்திரைகள் அவசியம். டோலிக் கூலியைப் புறப்படுமுன் பேசி முடித்துக்கொள்வதும், கையில் ரொக்கம் வைத்துக்கொள்வதும் நல்லது. மலையிடுக்கில் கைபேசிக்குத் தொடர்பு கிடைப்பது அரிது. அதை நம்பிப் பணம் செலுத்தக் காத்திருந்தால் வீண் மனத்தாங்கல்தான். பேசிய தொகைக்கு மேல் ஏதேனும் கொடுத்தாலும் தவறில்லை. நான்கு கிலோமீட்டர் பாறை வழியில் ஒரு மனிதரைச் சுமப்பது எளிய வேலை அன்று.

மறுநாள் காலை அந்தக் குடும்பம் ஊருக்குப் புறப்பட்டது. மாலோலனும் பார்கவரும் பாவனரும் அவர்களுடைய கணக்கில் சேரவில்லை. வழியில் ஒரு சிற்றூரில் வண்டி நின்றது. சாலையை அடைத்துக்கொண்டு கூட்டம். மேளம், தேங்காய் உடைக்கும் ஓசை, மாவிலைத் தோரணம். வீட்டு வாசல்தோறும் கோலம் போட்டிருந்தார்கள். மகன் இறங்கிப்போய் விசாரித்துவிட்டு ஓடிவந்தார்.

"அப்பா, பாரிவேட்டைப் பல்லக்கு!"

பெரியவர் கைத்தடியைக்கூடத் தேடவில்லை. பேரன் தோளைப் பற்றிக்கொண்டு இறங்கினார். ஊர் நடுவில் திண்ணை போன்ற மேடையில் பல்லக்கு இறக்கி வைக்கப்பட்டிருந்தது. ஊர்ப் பெண்கள் வழிவிட்டு, வயதானவரை முன்னே அனுப்பினார்கள். படி இல்லை, பாறை இல்லை. மண் தெருவில் இருபதடி நடந்தால் பெருமான். மலர்களுக்கு நடுவே இரண்டு திருமேனிகள். பெரியவர் கைகூப்பி, யார் எவர் என்று அர்ச்சகரைக் கேட்டார்.

அர்ச்சகர் ஒவ்வொன்றாகக் காட்டினார். "பிரகலாத வரதுலு. இவர், மேலிருந்து வந்தவர். ஜ்வாலா நரசிம்மர்."

சடாரி அவர் தலைமேல் வைக்கப்பட்டது. பல்லக்கைச் சுமப்பவர்கள் தோள்துண்டைச் சரிசெய்துகொண்டு எழுந்தார்கள். அடுத்த ஊருக்கு நேரமாகிவிட்டது. பெரியவர் வண்டிக்குத் திரும்பாமல், தெருமுனை வரை அவர்களோடு கூடவே நடந்தார்.